ஒரு செமஸ்டருக்கு இரண்டு வருஷம்

சீனாவில் மருத்துவம் படித்த பெண் அவர். 2020 ஜனவரியில் குளிர்கால விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பத்தில் ஒன்பது செமஸ்டர் முடித்திருந்தார். கொரோனா பரவியதால், ஏற்கெனவே விசா வைத்திருக்கும் வெளிநாட்டினரும் மார்ச் 28 முதல் உள்ளே வரக்கூடாது என்று சீனா அறிவித்துவிட்டது. கடைசி செமஸ்டர் போன் திரையிலேயே முடிந்து, சிவப்பு முத்திரையோடு பட்டமும் வந்தது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வை எழுத அனுமதித்தார்கள், தேறினார். ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்குத் தற்காலிகப் பதிவு கேட்டபோதுதான், வார்டுப் பயிற்சியை நேரில் முடிக்கவில்லை என்று மறுத்தார்கள்.

மறுத்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்து ஈரல் வீங்கியிருக்கிறதா என்று சொல்ல வீடியோ கற்றுத் தராது. அதை அந்தப் பெண்ணே, அவருடைய வக்கீலான என்னிடம் ஒப்புக்கொண்டார். “ஆனா அதையெல்லாம் முந்தியே வார்டுல செஞ்சிருக்கேன் சார், கடைசி ஆறு மாசம்தான் போகலை” என்றார். அவருக்காக நான் போட்ட மனுவின் சாரமும் அதுதான்: எவ்வளவு விட்டுப்போனதோ அவ்வளவை ஈடுகட்டச் சொல்லுங்கள், அதற்காக மொத்தமாகத் தள்ளாதீர்கள்.

இதே பிரச்சினையில் வேறு மாணவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வழிவிட்டிருந்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனதால் எங்கள் மனு வாய்தாவிலேயே கிடந்தது. 2022 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி.ராமசுப்பிரமணியன் (பின்னவர் நம் மெட்ராஸ் பாரிலிருந்து போனவர்) தீர்ப்புச் சொன்னார்கள். நேரில் பயிற்சி பெறாதவர்களுக்குப் பதிவு கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு இல்லை. ஆனால் தங்கள் கையில் இல்லாத காரணத்தால் முடங்கியவர்களுக்கு, இந்த ஒரு முறைக்கு மட்டும், இரண்டு மாதத்தில் ஆணையம் ஒரு திட்டம் வகுக்க வேண்டும். பாடத்திட்டம் வகுப்பது நீதிபதிகளின் வேலையல்ல என்பதால், இதற்குமேல் எதிர்பார்த்திருக்கவும் முடியாது.

ஜூலை 28-ல் திட்டம் வந்தது. கடைசி வருஷத்தில் திரும்பி வந்து, ஜூன் 30-க்குள் படிப்பை முடித்த சான்றிதழ் வாங்கியவர்கள், தகுதித் தேர்வில் தேறினால், ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு செமஸ்டர் விட்டவருக்கும் ஒரு வருஷம் விட்டவருக்கும் ஒரே கணக்கு. அளவுகோல் கேட்டுத்தான் நான் மனுப் போட்டேன். வந்ததில் இல்லாதது அதுதான். கட்சிக்காரரோ, இன்னும் வழக்காடினால் அந்த இரண்டு வருஷமும் கோர்ட்டிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டு, மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார். சொன்னபடி வாங்கினேன்.

அவருடைய ஜூனியர் பையனுக்குச் சான்றிதழ் ஜூலை இரண்டாம் வாரம்தான் கிடைத்தது. கட்-ஆஃப் தேதியில் நீதிமன்றம் லேசில் கைவைக்காது. ஆகஸ்ட் 24 முதல் சீனா மாணவர் விசாவைத் திறந்திருந்ததால், விட்டுப்போன பயிற்சியை அங்கேயே போய் முடித்து வரச் சொன்னேன். டிக்கெட் விலையைக் கேட்டதும் அவன் அப்பா, வழக்கே போட்டுவிடலாமா சார் என்றார்.