நெட் இல்லாமல் ஓடுமா?

மூணாறை அடுத்த எங்கள் சித்திரபுரத்தில் ஜூன் பிறந்துவிட்டால் மழை வைத்ததுதான் சட்டம். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் போகும். கரண்ட் திரும்பினாலும் டவர் திரும்பாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளுக்கு வீடியோ கேம்தான் துணை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கூடவே விளையாடியும் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விளம்பரங்களில் பெரிதாகக் காட்டும் 4கே படமும் கண்ணைப் பறிக்கும் ஒளியும் அழகுதான், ஆனால் இவர்கள் கேட்பது அதையல்ல.

என் அக்கா மகன் பழைய டிஸ்க் வாங்க மதுரைக் கடைக்குப் போன் போடுவான். முதல் கேள்வி, "அண்ணே, நெட் இல்லாம ஓடுமா?" அடுத்தது, "ரெண்டு பேரு விளையாடலாமா?" விலையை அதற்குப் பிறகுதான் கேட்பான்.

முன்பெல்லாம் முதல் கேள்விக்கு வேலையே இல்லை. 2000இல் ஜப்பானில் வெளியாகி, உலகமெங்கும் 16 கோடி அளவுக்கு விற்ற பிளேஸ்டேஷன் 2இல் டிஸ்கைப் போட்டால் ஓடும், அவ்வளவுதான். 2006இல் வந்த இஏ கிரிக்கெட் 07 எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. இப்போது டிஸ்கைப் போட்டதும் அப்டேட் கேட்கிறது. கால் ஆஃப் டூட்டி மாதிரி கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. மழைக்காலத்தில் அது இறங்கி முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இது மலைக்காட்டுக்காரர்களின் குறை மட்டும் அல்ல. 2022 மார்ச்சில் ஒரு அப்டேட் கோளாறால் கிரான் டூரிஸ்மோ 7இன் சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் நின்றபோது, தனியாளாக ஓட்டும் பந்தயங்களில் பெரும்பாலானவையும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் 'தி க்ரூ' கேமின் சர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் டிஸ்க் இருந்தும் ஆட்டம் இல்லை. விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று கேட்டு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்கு முழுச் சம்மதம்.

ஏனென்றால் இங்கே ஒரு கேம் என்பது சாதாரணக் காசு அல்ல. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அதற்கான பெரிய புதுக் கேம் அப்போது 4,999. 2015இல் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து 'பொம்பிளை ஒருமை' இயக்கத்துத் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் போராடினார்களே, அதன் பலனாக 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. அந்தக் கூலியில் ஒரு கேம் வாங்க 16 நாளுக்கு மேல் கொழுந்து கிள்ள வேண்டும். பிறகு கூலி கூடியிருக்கிறது என்றாலும் தூரம் இன்னும் தூரம்தான். அதனால்தான் ஒரு டிஸ்க் இங்கே நாலு வீடு சுற்றுகிறது. டிஸ்க் போடும் வசதி இல்லாத மாடல் விலை குறைவு என்கிறார்கள். வாங்குகிற அன்றைக்குத்தான் அது குறைவு. கைமாற்ற முடியாத பொருள் இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. லயத்து வீட்டில் ஒரு டிவி, ஒரு பெட்டி, இரண்டு பிள்ளைகள். பெரிய கேம்கள் பல, உலகத்தில் எங்கோ இருக்கிற ஆளோடு நெட் வழியாக மோதச் சொல்கின்றன. பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு இடம் கிடையாது. 2021இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' இதற்கு நேர்மாறு. தனியாக ஆடவே முடியாது. ஓரிடத்தில் அண்ணன் ஆணியை எறிந்து பலகையில் அடித்தால்தான், தங்கை சுத்தியலை அதில் மாட்டி ஊஞ்சலாடி அந்தப் பக்கம் போக முடியும். "இப்ப எறிடா… இன்னும் மேல!" என்று இவள் கத்த, அவன் தவறவிட, இரண்டு பேரும் கீழே விழுந்து மறுபடி எழுந்து வருவார்கள். அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று தி கேம் அவார்ட்ஸில் அதற்கு விருது கொடுத்தது மிகச் சரி.

போன் போடும்போது இவர்களுக்குக் கேட்கத் தோன்றாத மூன்றாவது ஆசை ஒன்றும் உண்டு. அதை 'வெண்பா' என்ற கேம் வந்தபோதுதான் கண்டுகொண்டேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு, விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். அடுத்த வருடம் பாஃப்டாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருது வாங்கியது. ஒரே மாலையில் முடிந்துவிடும் சின்ன கேம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டுக்கும் ஆவி போகும் என்ற இடத்தில் அக்கா மகன் திணறினான். அதுவரை கண்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஓட்டைக்கு நேரா ஓட்டை வச்சா எப்படிடா வேகும்? கொண்டா இங்க" என்று வாங்கி, எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டுக்கேட்டு அவளே அடுக்கினாள். வெந்ததும் பையனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இதுல புட்டு வருமாடா?" என்று கேட்டாள்.

வருகிறது. அதையும் அவளேதான் செய்தாள்.