மலையடியிலிருந்து மணல் தீவுக்கு

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதே. திருவண்ணாமலை நகரில் வாழ்வோர்க்கு இது சற்று விந்தையான கேள்விதான். பௌர்ணமிதோறும் எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து, மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையை நடந்தே கடக்கின்றனர். நாமோ அம்மலையை அன்றாடம் கண்டு பழகி, தலைநிமிர்ந்து பார்ப்பதையும் மறந்துவிட்டோம். சாத்தனூர் அணை அருகிருந்தும், சவ்வாது மலை கூப்பிடு தூரத்தில் இருந்தும், நம் பிள்ளைகளின் விடுமுறை நான்கு சுவர்களுக்குள் கைப்பேசியின் வெளிச்சத்திலேயே கழிந்துவிடுகிறது. தந்தை ஒருபுறம், தாய் ஒருபுறம், மக்கள் ஒருபுறம். ஒரே கூரையின்கீழ் தனித்தனித் தீவுகள்!

இக்குறையைப் போக்க வேண்டுமென்று எம் பங்கைச் சேர்ந்த ஆறு குடும்பங்கள் ஒன்றுகூடி முடிவு செய்தன. பாறை மலையடியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மணலையும் கடலையும் காட்டுவோம் என்று, பொங்கல் விடுமுறையில் இராமேசுவரம் தீவுக்குப் புறப்பட்டோம். குழந்தைகள் முதல் எழுபது வயதைக் கடந்த பாட்டி வரை இருபத்தெட்டுப் பேர்.

தீவின் வாசலே ஒரு பாடசாலை. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலம், கப்பல் வரும்போது இரண்டு கைகளை உயர்த்துவதுபோலத் திறந்து வழிவிட்டது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமோ, தன் நடுப்பகுதியை அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்கிறது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மேல் நின்று இவ்விரண்டையும் கண்ட சிறுவர்கள், கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுப் பெரியவர்களைத் திணறடித்தனர்.

ஆயினும் அவர்கள் உள்ளம் நாடியதெல்லாம் மணல்மேடுகளையே. மேலை நாடுகளில் மணற்சறுக்கு என்பது பெயர்பெற்ற விளையாட்டு. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு எதிரே மோர்ட்டன் என்னும் தீவு உள்ளது. ஏறக்குறைய முழுவதும் மணலாலேயே அமைந்த அத்தீவின் மிக உயர்ந்த மணற்குன்று சுமார் 280 மீட்டர் உயரமுடையது. நம் அண்ணாமலையின் உயரத்தில் மூன்றிலொரு பங்கு எனலாம்! அங்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் மெல்லிய பலகையின் அடிப்புறத்தில் மெழுகு தேய்த்து, அதன்மேல் குப்புறப் படுத்து, மணற்சரிவில் வழுக்கி இறங்குகின்றனர்.

தனுஷ்கோடியின் மேடுகள் அத்தகையன அல்ல. பெரும்பாலும் ஆள் உயரம், சில இடங்களில் அதைவிடச் சற்றே கூடுதல். பலகைக்குப் பதிலாக எம் பிள்ளைகளுக்குத் தென்னை மட்டையும் அட்டைப் பெட்டியும் கோணிப்பையும் வாய்த்தன. பனை மட்டையை எடுத்து வந்த சிறுவன் ஒருவனை, அதன் கருக்கு தொடையைக் கிழித்துவிடும் என்று தடுக்க நேர்ந்தது. மணல் காய்ந்திருந்தால்தான் சறுக்கும். ஈரமானால் மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். காற்று வந்து மோதும் பக்கம் மேடு மெல்லச் சாய்ந்தும், மறுபக்கம் செங்குத்தாகவும் அமையும். அந்தச் செங்குத்தான சரிவும் ஏறக்குறைய 34 பாகைக்குமேல் நிமிர்வதில்லை; அதற்குமேல் குவிந்தால் மணல் தானே சரிந்துவிடும். பள்ளியில் இயற்பியலைக் கண்டு அஞ்சும் பையன் ஒருவன், இவற்றையெல்லாம் ஒரே காலைப் பொழுதில் தன் முதுகாலேயே கற்றுக்கொண்டான்.

தாய்மார்கள் முதலில் சோற்றுப் பாத்திரங்களுக்குக் காவலாக ஒதுங்கி அமர்ந்திருந்தனர். "அம்மா, நீயும் வா" என்று மகள் ஒருத்தி தாயின் கையைப் பற்றி இழுத்தாள். பள்ளியை விட்டபின் ஓடியதே இல்லை என்று சொன்ன அத்தாய், சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மட்டையில் அமர்ந்து கீழே வந்து விழுந்தபோது, அவர் கணவர் சிரித்த சிரிப்பை நான் இதுவரை கேட்டதில்லை. நொடிப்பொழுதுச் சறுக்கலுக்குப்பின் மீண்டும் ஏற்றம். ஏறுகையில் ஒருவர் கையை ஒருவர் பற்றாமல் முடியாது. குடும்ப வாழ்வுக்கு இதைவிட நல்ல மறையுரை எனக்குத் தெரியாது.

எல்லா மேட்டிலும் விளையாடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அடப்பங்கொடியும், முள்முனை கொண்ட இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேடுகளை மிதித்தல் ஆகாது. அச்செடிகளின் வேர்களே மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அம்மணல்மேடுகளே பேரலை வரும் நாளில் கரைக்கு அரணாகின்றன. கடலாமைகள் முட்டையிடும் கரையும் இதுவே. ஆதலால் செடியற்ற வெறுமணலை மட்டுமே தேர்ந்துகொண்டோம்.

தீவின் இருபுறத்துக் கடலுக்கும் அங்குள்ளோர் பெயரிட்டுள்ளனர். வடபுறம் அமைதியாயிருப்பது பெண்கடல். தென்புறம் அலையெறிவது ஆண்கடல். இரண்டும் கூடும் அரிச்சல்முனையில் நீரோட்டம் கொடியது; அங்குக் குளிக்க இறங்குதல் உயிருக்கே கேடு. ஆனால் இவ்விரு உப்புக்கடல்களுக்கும் நடுவே மணலைச் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறுகிறது! மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. மீனவப் பெண்கள் அத்தகைய ஊற்றிலிருந்து அகப்பையால் நீரை மொண்டு குடத்தை நிரப்புவதைப் பிள்ளைகள் வியப்போடு பார்த்து நின்றனர்.

மாலையில் இடிபாடுகளிடையே சென்றோம். இங்கே ஒரு நகரம் இருந்தது. இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, நம் கோவில் யாவும் இருந்தன. சென்னையிலிருந்து இரயிலில் வந்தோர், இங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் இருக்கையில், புயலும் கடலும் ஒருங்கே ஊருக்குள் புகுந்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலை அலை அடித்துச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. அதன்பின் அரசு இவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவித்தது. பவளக் கற்களால் எழும்பிய கோவிலின் சுவர்கள் மட்டும் கூரையின்றி இன்றும் நிற்கின்றன.

காலையில் எல்லோரையும்விட மிகுதியாகச் சறுக்கிய ஏழாம் வகுப்புச் சிறுமி என்னிடம் வந்தாள். "சாமி, இந்த மணலுக்குக் கீழே செத்தவங்க இருப்பாங்கதானே? நாம இதுமேல விளையாடினது பாவமா?" என்று கேட்டாள்.

நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், அவள் பாட்டியே முன்வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். 1962-இல் ஏழு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் இவ்வூரில்தான் கரையிறங்கினார் என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். "சுங்கக்காரங்க மூட்டையைப் பிரிச்சுப் பார்த்து முடிக்கிறவரைக்கும் நாங்க இந்த மணல்லதான் விளையாடினோம். இந்த ஊர்ப் புள்ளைங்களும் கூட வந்து விளையாடினாங்க. அவங்க பேரு எனக்கு மறந்துபோச்சு. முகம் மறக்கல" என்றார். சிறுமி பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு, "ஆயா, அவங்களுக்காகச் செபிக்கலாமா?" என்றாள்.

கூரையற்ற அக்கோவிலில் நின்று இறந்தோருக்காகச் செபித்தோம். விளையாடிய களைப்பில் இருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அசையவில்லை. மணலில் சிரிப்பது பாவமன்று. யாருடைய மணல் என்று கேளாமல் போவதுதான் குறை. இடிந்த சுவர்மேல் ஏறி நின்று படமெடுக்கும் கூட்டத்தைக் கண்டபோது, எம் பிள்ளைகளே அவர்களிடம் சென்று, "இது கோவிலுங்க, இறங்குங்க" என்று பணிவாகச் சொன்னார்கள்.

அங்குச் செல்ல விரும்பும் குடும்பங்கள் குளிர்காலத்தையே தேர்வது நலம். கோடை வெயிலில் மணல் பாதத்தைச் சுட்டுவிடும். நிழல் அரிது, குடிநீரும் குடையும் கட்டாயம் தேவை. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். கரையில் மீன் விற்கும் குடும்பங்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். மின்வசதியும் நல்ல வீடும் குறைந்த நிலையிலும் அவ்விடத்தைக் கைவிடாதோர் அவர்கள். இயன்றால் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டிப் பலகைகள் சொல்லாத செய்தி அவரிடம் இருக்கக்கூடும்.