அடி வாங்கியவர்களின் கட்டு

மாதவரத்தில் வளர்ந்தவர்களுக்குத் திசை தெரிய சூரியன் வேண்டாம், மூக்கு போதும். கேஸ் நெடி வந்தால் மணலிக் காற்று. அங்கிருக்கிற ரிஃபைனரியை அப்போது எம்.ஆர்.எல். என்றுதான் சொல்வோம், சி.பி.சி.எல். என்று பெயர் மாறியது 2000ல். ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தால் ரிஃபைனரி புகைபோக்கியின் தீ கிழக்கு வானத்தை விடிய விடியச் சிவப்பாகவே வைத்திருக்கும். சாணியும் வைக்கோலும் கலந்து வந்தால் அது பால் பண்ணை. டீசலும் எரிந்த ரப்பரும் என்றால் ஜி.என்.டி. ரோடு, மூலக்கடையிலிருந்து ஆந்திராவுக்குப் போகிற லாரிகள் மூச்சு வாங்குகிற இடம். பழைய ட்ரம்ப் கார்டு ஒன்றை இப்போது முகர்ந்தாலும் எனக்கு அச்சு மையோடு டீசலும் சேர்ந்தே வருகிறது. நாங்கள் ஆடியது லாரி ஷெட்டில், வேறு எப்படி இருக்கும்?

உங்களுக்கும் தெரியும், அந்தக் கட்டு. பெட்டிக்கடையில் பாக்குச் சரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தக்காரன் படம் மேலே, கீழே கணக்கு: ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ஃபைட்ஸ் ஃபாட், ஃபைட்ஸ் வொன். இந்த இங்கிலீஷை எந்தப் பள்ளிக்கூடமும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பைசெப்ஸ் என்றால் எது என்று தெரியாமலேயே பைசெப்ஸ் கேட்டு ஜெயித்தவர்கள் நாங்கள். வீட்டில் இருந்த மற்ற கார்டுகள் ரேஷன் கார்டும் ஆவின் பால் கார்டும். மூன்றையும் ஒரே அலமாரித் தட்டில் வைத்து, பால் பூத் வரிசையில் போய் நின்று அண்டர்டேக்கரை நீட்டிய அக்கா ஒருத்தி எங்கள் தெருவில் உண்டு.

அவன் ஒரு கார்டு, நான் ஒரு கார்டு. முறை யாருடையதோ அவன் தன் மேல் கார்டைப் பார்த்து ஒரு கணக்கைக் கேட்பான். பெரிய எண் வைத்திருப்பவனுக்கு இரண்டு கார்டும். ரேங்க்கில் மட்டும் சின்ன எண் ஜெயிக்கும். ஜெயித்தால் முறை உனக்கே, தோற்றால் எதிராளிக்கு. பிரிட்டனில் 1970களில் டாப் ட்ரம்ப்ஸ் என்று கார், விமானம், கப்பல் போட்டு விற்ற ஆட்டம்தான் இது. ஸ்டார் டிவியும் கேபிள்காரரும் தெருவுக்குள் வந்த பிறகு இங்கே கப்பலை யார் சீந்தினார்கள்? துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்களுக்கு யோகோஸுனாதான் வேண்டியிருந்தது.

புதுக் கார்டு வழுக்கும், பழையது ஒட்டும். ஒட்டாமல் இருக்க கேரம் கிளப் அண்ணன்களிடம் போரிக் பவுடர் கேட்டு வாங்குவோம். அவர்கள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக்கொண்டே, 'ஒரு சிட்டிகைதாண்டா' என்பார்கள். உள்ளங்கையில் வாங்கி ஓடி வந்து ஒவ்வொரு கார்டாகத் தடவி, ஊதி, அடுக்கி, கட்டை நடுவில் வளைத்துச் சர்ரென்று விடுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ஆடாமல்கூட உட்கார்ந்திருப்போம். அப்புறம் ரப்பர் பேண்ட். அப்புறம் கால்சட்டைப் பை. அம்மா துணி துவைத்த நாளில் அழுகை.

1994 மே மாதம். கத்திரி வெயில். ஷெட்டுக்கார அண்ணன் லோடு இல்லாத நாட்களில் எங்களை உள்ளே விடுவார். பழைய டயர்களை வட்டமாகப் போட்டு உட்காருவோம், தொடையில் கரி ஒட்டும். அந்த வருஷம்தான் யாருக்கோ தோன்றியது: சும்மா ஆடாமல் போட்டி வைத்து ஆடினால் என்ன? பாலிடெக்னிக் படிக்கிற அண்ணன் ஒருவர் நடுவர். ஷட்டரில் சாக்பீஸால் யாருக்கு யார் என்று கட்டம் போட்டார். விதிகளும் அவருடையவைதான். ஆளுக்குப் பதினைந்து கார்டு, அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை கூடாது. நுழைவுக் கட்டணம் ஒரு கார்டு. அந்தக் குவியல் மொத்தமும் ஜெயிப்பவனுக்கு.

ஒரு சிக்கல் இருந்தது. கார்டு அச்சடித்தவர்கள் பலர். ஒருத்தர் கட்டில் ஒரு எடை, இன்னொருத்தர் கட்டில் வேறு எடை. அதே ஆள், அதே ஜட்டி. இதில் சட்டை கிழிய ஒரு சண்டை நடந்தது. 'கார்டுல இன்னா போட்ருக்கோ அதான் கணக்கு' என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். எதிர்த்துப் பேச ஆளில்லை. பெரியவர்கள் யாரும் உள்ளே வராமல், கோப்பையும் புகைப்படமும் இல்லாமல், பசங்களே சட்டம் போட்டு அதற்குக் கட்டுப்பட்டும் நடந்த இடம் என்று யோசித்தால் அந்த ஷெட்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

எல்லோரும் குண்டர்களைத் தேடி அலைந்தார்கள். யோகோஸுனா 505 பவுண்டு என்று டிவியில் அறிவிப்பார்கள். ஜயன்ட் கொன்சாலஸ் எட்டடி என்பார்கள் (நிஜத்தில் ஏழரை அடிக்குக் கொஞ்சம் மேல் என்று பிற்பாடு படித்தேன்). எர்த்க்வேக், டைஃபூன், அண்டர்டேக்கர், ஆந்த்ரே. ஒரு யோகோஸுனாவுக்கு ஐந்து கார்டு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ரெட்டேரிக் கரையில், மாடு குளிப்பாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று அந்த வியாபாரம் நடக்கும். என்னிடம் மாற்றக் கொடுக்க ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்ததெல்லாம் யாரும் வேண்டாம் என்று தள்ளியவர்கள்.

அந்த லீவுக்கு ராயபுரத்திலிருந்து நைனா வந்திருந்தார். அம்மாவின் அப்பா. ஹார்பரில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். காசிமேட்டுக் கருவாட்டுப் பொட்டலமும் பீடி வாசனையுமாக வருவார். அவருக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக அடித்துக்கொண்ட காலத்தை நேற்று நடந்த மாதிரி சொல்வார். 1980ல் முகமது அலி இங்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடியதை, பார்த்தாரோ பார்க்கவில்லையோ, கை காலெல்லாம் ஆட்டிக் காட்டுவார். சினிமாவில் 'சார்பட்டா பரம்பரை' 2021ல் வந்தபோது எனக்கு முக்கால்வாசிக் கதை தெரிந்த கதை.

திண்ணையில் நான் கார்டு பரப்பியிருந்ததைப் பார்த்து, 'இன்னாடா, ஆளு குண்டா கீறானா ஒல்லியா கீறானான்னு பார்த்துனு கீற? எத்தினி சண்டை போட்டான்னு அதுல எழுதல?' என்றார்.

எழுதியிருந்தது. ஃபைட்ஸ் ஃபாட். அதை யாரும் கேட்பதே இல்லை.

உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். குண்டர்களில் பாதிப் பேர் புதுசு. யோகோஸுனா டபிள்யூ.டபிள்யூ.எஃப்.க்கு வந்ததே 1992ல், கொன்சாலஸ் 1993ல். சண்டைக் கணக்கில் இரண்டு பேரும் சோப்ளாங்கி. தள்ளிவிடப்பட்டவர்களோ கிழடு தட்டியவர்கள். ஊர் ஊராகப் போய் அடி வாங்கியவர்கள். கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு வருகிற புஷ்வாக்கர்ஸ் இரண்டு பேர், நியூசிலாந்துக்காரர்கள், 1960களிலிருந்து சண்டை போடுகிறார்கள். பாப் பேக்லண்ட், 1978லிருந்து 1983 வரை சாம்பியனாக இருந்து வயதான காலத்தில் திரும்பி வந்தவர். டிட்டோ சாண்டானா. ஜிம்மி ஸ்னூக்கா. மரக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கத்துகிற ஜிம் டக்கன். இவர்களையே பொறுக்கிப் பதினைந்து சேர்த்தேன். ஷட்டர் முன்னால் கட்டைப் பிரித்துக் காட்டியபோது சிரித்த சிரிப்பில் ஷெட்டுக்கார அண்ணனே ஸ்பேனரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

இந்தக் கட்டின் சூட்சுமம் ஒன்றுதான்: முறை கையில் இருக்கும் வரை சாகாது. டாஸ் விழுந்தால் 'ஃபைட்டு' என்று ஆரம்பித்து, ஃபைட்டு, ஃபைட்டு, ஃபைட்டு என்றே போகலாம். எதிராளியின் யோகோஸுனா என் கட்டின் அடியில் வந்து சேருவான். நடுவில் முறை கைமாறி ஆட்டம் நீண்டு அவன் மேலே வந்தால் நான் கேட்பது 'வெயிட்டு'. அவர்கள் பொருளாலேயே அவர்களுக்கு அடி. முதல் ஆட்டத்தில் சிரித்தார்கள், இரண்டாவதில் 'டேய், வேற எதுனா கேளுடா' என்று கெஞ்சினார்கள். வேறு எதைக் கேட்பது? என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

இறுதி ஆட்டம் பார்சல் ஆபீஸ் வீட்டுப் பையனோடு. பர்மா பஜாரில் வாங்கிய பளபளப்புக் கட்டு, ஓரம் மழுங்காதது. டாஸ் அவனுக்கு விழுந்தது. வெயிட்டு. போச்சு. ஹைட்டு. போச்சு. வெயிட்டு. ஒவ்வொரு முறையும் கார்டை சிமென்ட்டில் பட்டென்று அறைகிறான், கரித்தூள் கிளம்புகிறது, சுற்றி இருப்பவர்கள் 'ஹோ' என்கிறார்கள். பிறகு அவன் கட்டிலிருந்து ஷான் மைக்கேல்ஸ் வருகிறான். மெலிசான ஆள், அவனுக்குப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வைத்திருந்த ஒற்றைக் கார்டு. யோசித்து யோசித்து 'செஸ்ட்டு' என்கிறான். என் கையில் ஜிம் டக்கன். முறை எனக்கு வந்துவிட்டது.

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. ஃபைட்டு என்று நான் சொல்ல, அவன் கார்டைத் தர, அடுத்தது. கொன்சாலஸ் வந்தான், டைஃபூன் வந்தான், யோகோஸுனாவும் வந்தான். அவன் கட்டு விரல் தடிமனுக்கு இளைத்த நேரத்தில், ஸ்னூக்காவை வைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் ஃபைட்டு என்றேன். அவன் புரட்டியது ஆந்த்ரே.

ஆந்த்ரே குண்டன் மட்டும் இல்லை. 1960களிலிருந்து சண்டை போட்டவன். அவன் கணக்கு என் கிழவர்கள் எல்லோருடைய கணக்கையும் தாண்டியிருந்தது. முறை அந்தப் பக்கம் போனது, திரும்பி வரவே இல்லை. எனக்கு இரண்டாம் பரிசு என்று ஷெட்டுக்கார அண்ணன் தன் காசில் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது நைனா கேட்டது ஒன்றுதான்: 'சோடா ஜில்லுனு இருந்துச்சா?'

அதே 1994ல், ஆகஸ்ட்டில், அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு ஆட்டத்துக்கு முதல் உலகப் போட்டி நடந்திருக்கிறது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணக்கு வாத்தியார் உருவாக்கி 1993ல் வெளிவந்த ஆட்டம். அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொண்டு வருவதுதான் அதன் உயிர். ஜெயித்த ஜாக் டோலனின் கட்டும் வேகமாக அடிக்கிற கட்டு இல்லையாம், எதிராளியை அசையவிடாமல் இழுத்தடிக்கிற கட்டாம். நாங்கள் மே மாதமே ஆடிவிட்டோம் என்று ஒரு அற்பப் பெருமை எனக்கு உண்டு. இன்னொரு பெருமையும்: அந்த நவம்பரில், கிழவர் பேக்லண்ட் பிரெட் ஹார்ட்டைத் தோற்கடித்து மறுபடி சாம்பியன் ஆனார். தெருவெல்லாம் என் கார்டைக் கேட்டு வந்தார்கள். மூன்றே நாள். டீசல் என்ற நெட்டையன் 8 விநாடியில் அவரை முடித்துவிட்டான்.

மாதவரம் 2011ல் மாநகராட்சிக்குள் போயிற்று. 2018ல் ஆந்திர பஸ்களுக்கென்று அடுக்குமாடி பஸ் நிலையம் வந்தது. 2022ல் 'நீலகிரி' என்று பெயர் வைத்த இயந்திரம் மெட்ரோவுக்காக மண்ணுக்குள் இறங்கியது. ஷெட் இருந்த இடத்தில் நீலத் தகர வேலி. டீசல் நெடி மட்டும் இருக்கிறது, அது எங்கே போகும்.

அக்கா மகன் கார்டு வைத்திருக்கிறான். போகிமான். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், உறைகள் தடித்த ஃபைலில். எடுத்துப் பார்க்கக் கேட்டால், 'கை பட்டா ரேட் குறைஞ்சிடும் மாமா' என்கிறான். ஆட மாட்டாயா என்றேன். ஃபோனில் ஆடுவானாம். கெட்டிக்காரன், என்னைவிடக் கணக்கு நன்றாக வரும். ஆனால் அவன் கார்டுக்கு வாசனை இல்லை, முகர்ந்து பார்த்துவிட்டேன்.

அந்த போரிக் பவுடர் கொடுத்த கேரம் மட்டும் பிழைத்துக்கொண்டது. புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். கேரமுக்குச் சங்கம் இருந்தது, கிளப் இருந்தது, காசிமாவுக்குச் சொல்லிக்கொடுக்க அப்பா இருந்தார். எங்கள் ஆட்டத்துக்கு ஒரு ஷட்டரும் சாக்பீஸும்தான்.

டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரே 2002ல் போய்விட்டது. காட்டு விலங்குகளைக் காக்கிற உலக நிதியம் அந்த எழுத்துகளுக்கு வழக்குப் போட்டு ஜெயித்தது. யோகோஸுனா 2000ல் போனார், எர்த்க்வேக் 2006ல், கொன்சாலஸ் 2010ல், புஷ்வாக்கர்களில் ஒருவர் 2023ல், ஹல்க் ஹோகன் 2025ல். என்னைத் தோற்கடித்த ஆந்த்ரே, நாங்கள் டயர் மேல் உட்கார்ந்து அவரை அறைந்து ஆடியபோதே, செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1993 ஜனவரி. தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

என் கட்டில் பதினொன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். வெயிலுக்கு இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் முகம் போய்விடும். டிட்டோ சாண்டானா இரண்டு வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் அண்டர்டேக்கர் இருக்கிறான், மாற்றிக்கொள்ளலாம்.