மிளகாய் இடிக்கக் கல் தேடியவர்

"எம்.எச்.370 விமானத்தை ஏலியன்தான் தூக்கிட்டுப் போச்சாமே?" யூடியூப் பார்த்துவிட்டு என் அக்கா மகன் போன வாரம் கேட்டான். அந்த வீடியோவை 20 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கரை ஒதுங்கிய இறக்கைத் துண்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பிய போயிங் 777 அது. உள்ளே 239 பேர். சுமார் 40 நிமிடங்களில் ரேடார் திரையிலிருந்து மறைந்தது. ஆனால், காலை 8.19 வரை ஒரு செயற்கைக்கோளுக்கு அதிலிருந்து சிக்னல் போயிருக்கிறது. அதை வைத்து இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் தேடத் தொடங்கினார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலை 29. ஆப்பிரிக்கா பக்கம் ரீயூனியன் தீவில் செயின்ட் ஆந்த்ரே என்ற ஊர். கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேற்றப்பட்ட நம்மவர்களின் வாரிசுகள் நிறைய வாழும் ஊர், கோயில்களும் உண்டு. அங்கே கடற்கரையைச் சுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவர், மிளகாய் இடிக்க ஒரு கல் தேடிக்கொண்டிருந்தார். (அந்தத் தீவின் பேச்சுமொழியில் அந்தக் கல்லுக்கு 'கலு' என்று பெயர். நம் 'கல்' காதில் விழுகிறதா?) கல்லுக்குப் பதில் அவர் கண்ணில் பட்டது, சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள இறக்கைத் துண்டு. காணாமல் போன விமானத்துடையதுதான் என்று பிரான்ஸ் அதிகாரிகள் செப்டம்பரில் உறுதி செய்தார்கள்.

அதன்பின் அந்தத் தீவில் ஒதுங்கியதெல்லாம் விமானமாகத் தெரிந்தது. கதவு என்று பரபரப்பாகப் பேசப்பட்ட ஒன்று, கடைசியில் வீட்டு ஏணி!

அந்தத் துண்டில் ஒட்டியிருந்தவைதான் எனக்குப் பெரிய ஆச்சர்யம். படகின் அடியில் ஒட்டி வளருமே, ஓடு மூடிய சின்ன உயிர்கள், அவைதான். வளர்ந்த நேரத்தில் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பது அவற்றின் ஓட்டில் பதிவாகிவிடும். மிதந்து வந்த வழியை அதை வைத்து ஊகிக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் முயன்றார்கள். ஆஸ்திரேலியாவிலோ, இதே மாதிரி ஓர் இறக்கைத் துண்டைக் கடலில் மிதக்கவிட்டு, காற்று அதை எப்படித் தள்ளுகிறது என்று பார்த்தார்கள். ஏலியன் கதையைவிட இது சுவாரஸ்யமில்லையா?

விமானம் கடலில்தான் விழுந்தது என்று அந்தத் துண்டு சொல்லிவிட்டது. ஏன், எங்கே என்று சொல்லவில்லை. சுமார் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடிவிட்டு, 2017 ஜனவரியில் அந்தத் தேடலை நிறுத்தினார்கள். காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றது 2018-ல் வந்த மலேசிய அறிக்கை.

காணாமல் போனவர்களின் உறவினர்கள் சிலர் 2016 டிசம்பரில் மடகாஸ்கருக்கே போனார்கள். கடற்கரையில் நடந்து நடந்து தாங்களே தேடினார்கள். எது ஒதுங்கினாலும் எறிந்துவிடாதீர்கள், எடுத்து வையுங்கள் என்று மீனவக் கிராமங்களில் கேட்டுக்கொண்டார்கள்.