சித்தப்பாவின் பெட்டியும் அப்பாவின் இடது காதும்

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறொன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா, யாழ்ப்பாண பஸ் ஏறமுதல் ஒரு கறுத்தப் பெட்டியை எங்கள் வெள்ளவத்தை அறையில் இறக்கி வைத்தார். "ஊரில தூசு கூட. நான் திரும்பி வருமட்டும் உங்களிட்ட இருக்கட்டும். வடிவாக் கேளுங்கோ. ஆனா வயரில பிடிச்சு இழுத்துப்போடாதேங்கோ" என்றார். பெட்டிக்குள் இரண்டு ஹெட்ஃபோன்கள். சென்ஹைசர் எச்டி 650, எச்டி 800 எஸ். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்ன அம்ப்ளிஃபயர்.

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவன் யாழ்ப்பாணம் (சித்தப்பா இவனுடையவர்), ஒருவன் மட்டக்களப்பு, மற்றவன் ஹட்டன். வாடகை விஷயத்தில் மூவரும் ஒற்றுமை. பாட்டு விஷயத்தில் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

வழக்கம்போல முதலில் விலையைத் தேடிப் பார்த்தோம். எச்டி 800 எஸ் 2016இல் வெளிவந்தபோது ஏறக்குறைய 1,700 டொலர். டொலர் 300 ரூபாய்க்கு நிற்கிற காலத்தில் அது ஐந்து இலட்சம். எங்கள் அறையின் ஒரு வருட வாடகை அதற்குள் அடங்கிவிடும். இதைக் கணக்குப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் அதைத் தொடவில்லை.

இரண்டுமே பின்பக்கம் திறந்த வகை. அதாவது காதுக்கு வெளியே இருக்கிற கிண்ணத்தில் வலைபோல ஓட்டை. உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே வரும். ரொறொன்ரோவில் நிலக்கீழ் அறையில் இருந்து கேட்பவருக்கு அது சரி. எங்களுக்குப் பின்னால் கரையோர ரயில் பாதை, முன்னால் காலி வீதி. ஒரு ரயில் போனால் ஐந்து இலட்சமும் போச்சு. ஆகவே கடைசி ரயிலும் போன பிறகு, ஃபானையும் நிற்பாட்டிவிட்டு, வியர்க்க வியர்க்கக் கேட்டோம்.

முதல் இரவு தீர்ப்பு சுலபமாக வந்தது. மூவரும் எச்டி 800 எஸ்தான் என்றோம். அடுத்தநாள் காலையில்தான் ஹட்டன்காரன் ஒரு கேள்வி கேட்டான்: "மச்சான், சத்தத்தை யார் திருப்பினது?" எல்லோருமே திருப்பியிருந்தோம். விலை கூடியதைக் கையில் எடுத்தபோது, பெறுமதியை வாங்கிப் பார்ப்பம் எண்டு ஆளாளுக்குக் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம். சத்தம் கூடினால் எதுவும் நல்லாய்த்தான் கேட்கும். மனிதக் காது குறைந்த சத்தத்தில் பேஸைக் குறைவாகவே எடுக்கும், சத்தம் ஏற ஏறத்தான் அடிச்சத்தம் வந்து நிற்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வளைகோடாகப் போட்டுவிட்டார்கள். நாங்கள் அதை இன்னொருமுறை, தெரியாமலே, நிரூபித்திருந்தோம்.

இரண்டாம் இரவு ஒழுங்காகச் செய்வோம் என்று வெளிக்கிட்டோம். இரைச்சல் ஒன்றை ஓடவிட்டு, போனில் சத்தம் அளக்கிற ஆப்பை வைத்து, இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். பிறகு சாரத்தால் கண்ணைக் கட்டினோம். ஆனால் கண்ணைக் கட்டினாலும் தலைக்குத் தெரிந்துவிடுகிறது. எச்டி 650 இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். எச்டி 800 எஸ் காதைச் சுற்றி ஒரு சட்டிபோல இருக்கும், காதில் முட்டவே முட்டாது. போட்ட கையோடு "இது பெரிசு" என்று மட்டக்களப்பான் சொல்லிவிடுவான். ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் தலைமையில் இந்த மாதிரிப் பரிசோதனைகள் செய்தவர்களுக்கும் இதே தலையிடி இருந்திருக்கிறது. அவர்கள் பல ஹெட்ஃபோன்களின் ஒலியையும் ஒரே ஹெட்ஃபோனுக்குள் பாவனை செய்து கேட்கவைத்து அதைத் தாண்டினார்கள். எங்களிடம் இருந்தது சாரம் மட்டும்.

சரி, கேட்டது என்ன? எச்டி 650இல் பாடகர் கிட்ட வந்து நிற்கிறார். குரல் முன்னுக்கு, மற்றதெல்லாம் அதற்கு ஒத்தாசை. ட்ரெபிள் கொஞ்சம் அமர்ந்து இருக்கும், இணையத்தில் இதைத் திரை போட்ட மாதிரி என்று குறை சொல்வார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தானுக்கு அது குறையாகவே படவில்லை. "எனக்குப் பாட்டெண்டால் குரல்தான், மிச்சம் எனக்கெதுக்கு" என்றான். எச்டி 800 எஸ் வேறு மாதிரி. அதன் ஒலிவாங்கித் தட்டு, இல்லை, ஒலி தருகிற தட்டு, 56 மில்லிமீற்றர் அகலம். அது காதுக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதனாலோ என்னவோ, பாட்டு தலைக்குள் நடக்காமல் ஒரு மண்டபத்துக்குள் நடக்கிறது. வயலின் கூட்டம் எங்கே இருக்கிறது, தபேலாக்காரர் எங்கே இருக்கிறார் என்று விரலால் காட்டலாம். வீடியோ எடிற்றிங் செய்கிற ஹட்டன்காரன் அதைக் கழற்ற மறுத்தான். ஆனால் அது இரக்கமில்லாத சாமான். நாங்கள் வருடக்கணக்காகப் போனுக்குப் போன் மாற்றிச் சேர்த்து வைத்திருந்த எம்பி3 எல்லாம் அதில் நாறியது. யாரோ பிற்காலத்தில் பேஸ் ஏற்றின பழைய பாட்டுகளில் தாளம் தகரமாய் அடித்தது. நல்ல பதிவைப் போட்டால்தான் அது நல்ல பிள்ளை.

மட்டக்களப்பானுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "பேஸ் எங்கயடா? தண்ணிச் சாம்பார் மாதிரிக் கிடக்கு" என்றான். பகிடி பண்ணினோம். ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்த வகைத் திறந்த ஹெட்ஃபோன்களில் ஆக அடியில் இருக்கிற பேஸ் இயல்பாகவே இறங்கிவிடும். பள்ளிக்கூடம் போன ஏழு வருடமும் அவன் தனியார் பஸ்ஸின் கடைசி இருக்கையில், சீற்றுக்குக் கீழே இருந்த பெரிய ஸ்பீக்கரின் மேல் இருந்து பாட்டுக் கேட்டவன். அவனுக்குப் பாட்டு காதால் பாதி, முதுகெலும்பால் பாதி. ஹார்மன்காரர்களின் ஆய்விலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர்தான் அவர்கள் போட்ட வளைகோட்டை அப்படியே விரும்பினார்கள். மிச்சப் பேரில் ஒரு பகுதி பேஸ் கூட வேணும் என்றது, இன்னொரு பகுதி குறைக்கச் சொன்னது. மட்டக்களப்பானுக்கு இதை வாசித்துக் காட்டினோம். அவன் பெரிய சான்றிதழ் கிடைத்த மாதிரி அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறான்.

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் தேடினோம். யெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 280க்கு மேற்பட்ட ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்து, விலைக்கும் அவற்றின் அலைவரிசைப் போக்குக்கும் தொடர்பில்லை என்று எழுதியிருக்கிறார். இதை வாசித்தபோது எங்களுக்குள் ஒரு அற்ப சந்தோசம் வந்ததை மறைக்கவில்லை.

இந்தச் சண்டை இப்படிப் போய்க்கொண்டிருந்த இரண்டாவது கிழமையில்தான் அப்பா வந்தார். யாழ்ப்பாணத்தானுடைய அப்பா. அவர் கொழும்புக்கு வரும்போதெல்லாம் மீன்குழம்புத் தூளும் ஒடியல்மாவும் கொண்டுவந்து எங்களோடுதான் தங்குவார். ஆகவே மூவருக்கும் அப்பாதான். இரண்டு நாள் அலுவல்.

அப்பாவுக்கும் எங்களுக்கும் பாட்டு விஷயத்தில் ஒரு பழைய மனவருத்தம் உண்டு. அவர் போனில் பாட்டை ஸ்பீக்கரில்தான் போடுவார். வீட்டில், பஸ்ஸில், எங்கள் அறையில், எங்கேயும். "அப்பா, இயர்ஃபோனைப் போடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்போம். மூன்று பேரும் மூன்று தீபாவளிக்கு இயர்ஃபோன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒன்றையும் அவர் பாவிக்கவில்லை. "எனக்கு உது சரிவராது" என்பார். பழங்காலத்து மனிசர், புது சாமான் பழக்கமில்லை என்று நாங்களே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளில் பற்றரியும் கரண்டும் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோவும் ரேப்பும் கேட்ட தலைமுறை அது. "சுத்துறவன் களைச்சால் பாட்டும் களைச்சுப்போகும்" என்று சொல்லிச் சிரிப்பார். ரெக்கோர்டிங் பாரில் துண்டில் எழுதிக்கொடுத்துப் பதிந்த கசெற் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறதாம். அதில் இருக்கிற எண்பதுகளின் ஒரு சோடிப்பாட்டு அவருடைய பாட்டு. பெயரை எழுதமாட்டோம், அதற்குப் பின்னால் அம்மா சம்பந்தப்பட்ட கதை இருக்கிறது.

அந்தப் பாட்டைத்தான் போட்டோம். லப்டொப், சித்தப்பாவின் அம்ப்ளிஃபயர், எச்டி 800 எஸ். தேடிப்பிடித்த நல்ல பதிவு. ஐந்து இலட்சத்தை அவருடைய தலையில் வைத்துவிட்டு மூவரும் முன்னால் குந்தியிருந்து முகத்தைப் பார்த்தோம். அப்பா மரியாதைக்குத் தலையாட்டினார். முதலாவது இடையிசை வந்தது, போனது. சரணம் தொடங்கியபோது, "நல்லாத்தான் இருக்கு. ஆனா புல்லாங்குழலை ஏன் எடுத்துப்போட்டாங்கள்?" என்றார்.

புல்லாங்குழல் எங்கேயும் போகவில்லை. நாங்கள் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். இடையிசை முழுக்க அது இருந்தது. முழுக்க முழுக்க இடது பக்கத்தில்.

ஒரு நிமிடம் ஒருவரும் கதைக்கவில்லை. அப்பாவுக்கு இடது காது குறைவு என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. சாப்பிட இருக்கும்போது எப்போதும் சுவர் இடது பக்கம் வருகிற மாதிரித்தான் இருப்பார். இடம்பெயர முதல், 95இல், பக்கத்து வளவில் விழுந்த ஷெல் என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார். தெரிந்திருந்தும் அதையும் இயர்ஃபோனையும் நாங்கள் ஒருநாளும் சேர்த்து யோசிக்கவில்லை.

விஷயம் மிகச் சாதாரணமானது. அறையில் ஸ்பீக்கர் பாடும்போது இரண்டு பக்கச் சத்தமும் இரண்டு காதுக்கும் போகும். ஒரு காது மட்டும் இருந்தாலும் பாட்டு முழுசாய் வரும். ஹெட்ஃபோனில் இடது பக்கத்தில் போட்டது இடது காதுக்கு மட்டும்தான். தமிழ் சினிமாப் பாட்டில் ஸ்ரீரியோ என்றால் 1978இல் வந்த 'ப்ரியா'வைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் புதுமையான காலத்துப் பதிவுகள் பலதில் வாத்தியங்களை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாய் அள்ளிப் பிரித்து வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது மண்டபம். அப்பாவுக்கு அது அரைவாசிப் பாட்டு. கசெற்றை ஒற்றை ஸ்பீக்கர் ரேப்பில் கேட்டவர் அவர், அதில் புல்லாங்குழல் எங்கேயும் போக வழியில்லை. நாங்கள் மூன்று தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த இயர்ஃபோன்களில் அவர் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு, சரிவராது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஹட்டன்காரன்தான் லப்டொப்பின் செற்றிங்ஸுக்குள் போய் மொனோ என்ற ஒரு சுவிட்சைத் தேடிப் பிடித்தான். போட்டால் இடதும் வலதும் கலந்து இரண்டு பக்கமும் ஒன்றாய் வரும். போன்களிலும் இது இருக்கிறது, அக்ஸசிபிலிட்டி என்ற பகுதிக்குள், ஒருவரும் போகாத இடத்தில். எச்டி 800 எஸ்ஸைக் கழற்றி எச்டி 650ஐப் போட்டுவிட்டோம். மண்டபம் இல்லாமல் போன பிறகு அந்தப் பெரிய ஹெட்ஃபோனில் கேட்க விசேசமாக ஒன்றும் மிஞ்சவில்லை. குரல் கிட்ட வருகிற 650தான் பொருத்தமாய் இருந்தது.

பாட்டைத் திரும்பத் தொடங்கினோம். இடையிசை வந்ததும் அப்பா கையைத் தூக்கி எங்களைக் கதைக்க வேண்டாம் என்றார். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கவே இல்லை. முடிந்ததும் இன்னொருக்கால் போடச் சொன்னார். அன்று ஆறு தரம் போட்டோம். அதன் பிறகு ரயில் வந்தது.

அடுத்தநாள் நாங்கள் மூவரும் எங்கள் காதுகளையும் சோதித்துப் பார்த்தோம். கீச்சுச் சத்தம் படிப்படியாக ஏறுகிற ஒரு கோப்பு. மட்டக்களப்பானுக்கு மற்ற இருவரையும்விட மிக முன்னமே நின்றுவிட்டது. பஸ் ஸ்பீக்கரோ என்னவோ. வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதென்றால் 80 டெசிபெலுக்குள் கேளுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் வாசித்துக் காட்டினோம். அதை அவன் ஸ்கிரீன்ஷொட் எடுக்கவில்லை.

சித்தப்பா திருவிழா முடிந்து நெற்றியில் திருநீறோடு வந்து பெட்டியை எடுத்துப் போனார். "எது திறம்?" என்று கேட்டார். மூவரும் மூன்று பதில் சொன்னோம். மட்டக்களப்பான் இப்போதும் தன் பழைய புளூடூத்தில்தான், சத்தத்தை மட்டும் இரண்டு கட்டை குறைத்திருக்கிறான். மற்ற இருவரும் காசு சேர்த்து ஆளுக்கொரு மூன்ட்ரொப் சூ வாங்கினோம், இருபது டொலர் அளவில் விற்கிற சாமான். ஹட்டன்காரன் எப்பவாவது பெருமூச்சு விடுவான், எதை நினைக்கிறான் என்று தெரியும்.

அப்பா பஸ் ஏறமுதல் அவருடைய போனில் அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டோம். காது டொக்டரிடம் காட்டச் சொன்னோம். பாப்பம் என்றார், இன்னும் பார்க்கவில்லை. போன கிழமை அம்மா எடுத்து ஏசினா. "முந்தி உந்தச் சத்தத்துக்குத்தான் ஏசினனான். இப்ப கேக்கிற காதுக்குள்ளயும் அதைச் செருகிக்கொண்டு திரியிறார், பத்துத்தரம் கூப்பிட்டாலும் திரும்பிறாரில்லை. சைக்கிள் ஓடேக்க போடவேண்டாம் எண்டு நீங்களாவது சொல்லுங்கோ." சொன்னோம். ஓமோம் என்றார். பின்னால் பாட்டுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.