சிங்கப்பூரில் சின்ன யாத்திரிகர்

கைக்குழந்தை உள்ள வீட்டில் யாத்திரைப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது நம் நாட்டில் எழுதாத சட்டம். மாமனார் காசிக்குப் போகலாம். மைத்துனன் காஷ்மீரத்துக்குப் போகலாம். குழந்தையின் தகப்பனார்கூட உத்தியோக நிமித்தம் என்று சொல்லிக் கொண்டு உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். குழந்தையின் தாயார் மட்டும் வாசற்படியைத் தாண்டக் கூடாது. "குழந்தை நடக்கட்டும், பார்க்கலாம்" என்பார்கள். நடக்கத் தொடங்கியதும், "ஓடுகிற குழந்தையை வைத்துக் கொண்டு எங்கே போவது?" என்பார்கள். பிறகு பள்ளிக்கூடம் வரும், பரீட்சை வரும். பரீட்சையெல்லாம் முடிவதற்குள் தாயாருக்கு முழங்கால் வலி வந்து விடும்!

எட்டு மாதக் குழந்தையோடு ஆறு நாள் சிங்கப்பூர் போய் வரலாம் என்று நாங்கள் தீர்மானித்தபோது எங்கள் வீட்டிலும் இந்தச் சட்டம் வாசிக்கப்பட்டது. "ஏண்டி பெண்ணே, இரண்டு பல் முளைத்த குழந்தைக்குச் சிங்கப்பூரில் என்னடி காரியம்?" என்று கேட்டார் பாட்டி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் காரியம் இருந்தது குழந்தைக்கு அல்ல, தாயாருக்கு. எட்டு மாதமாக அவர் பார்த்திருந்த உலகம் தொட்டில், அடுப்பங்கரை, துணி காயும் கொடி இந்த மூன்றுக்குள் அடங்கியிருந்தது.

சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. சென்னையிலிருந்து ஆகாய விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே அரசாங்க மொழி. நள்ளிரவில் குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் தமிழிலேயே கேட்கலாம் என்பது சாமான்ய விஷயமா?

மூட்டை முடிச்சு

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை கிடையாது. தாயின் மடிதான் சிம்மாசனம். ஆனால் அந்தச் சக்கரவர்த்திக்கும் தனியாகப் பாஸ்போர்ட் வேண்டும், விஸா வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் எங்கள் சின்ன யாத்திரிகர் கோபம் கொண்ட நீதிபதியைப் போல் காட்சியளித்தார். முன்கூட்டிச் சொல்லி வைத்தால், முன்வரிசையில் சுவரில் மாட்டும் சிறு தொட்டில் தருகிறார்கள். விமானம் இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் மாறுவதால் குழந்தைகள் வீறிட்டு அழுவதுண்டு. அந்தச் சமயத்தில் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது அடைப்பு நீங்கும். நாங்கள் அப்படியே செய்தோம். அவர் நிம்மதியாக இருந்தார். அழுதது பின்வரிசையில் இருந்த வேறொரு கனவான்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. குழந்தைக்குக் கடிகாரம் ஏது? சென்னையில் எட்டு மணிக்குத் தூங்குகிறவர் அங்கே இரவு பத்தரைக்குத்தான் கண்ணை மூடினார். பூமத்திய ரேகைக்கு அருகே, பகல் வெயிலில் அலைய முடியாத ஊரில், இதுவும் ஓர் அனுகூலமாயிற்று. விளக்கு வைத்த பிறகு நாங்கள் மூவருமாக ஊரைப் பார்க்க முடிந்தது.

அவர் பார்த்த சிங்கப்பூர்

மெரீனா விரிகுடாவின் கரையில் சிங்கத் தலையும் மீன் உடலுமாக நின்று ஓயாமல் நீரை உமிழ்கிறது மெர்லயன் சிலை. 1972-ல் நிறுவியது, உயரம் சுமார் இருபத்தெட்டு அடி. பல தேசத்து மக்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். எங்கள் யாத்திரிகர் சிலைக்கு முதுகைக் காட்டிக் கொண்டு, கீழே ரொட்டித் துணுக்கைக் கொத்திய ஒரு மைனாவையே கால் மணி நேரம் ஆராய்ந்தார்.

அங்கிருந்து 2012-ல் திறக்கப்பட்ட கரையோரத் தோட்டத்துக்குப் போனோம். உருக்குச் சட்டங்களில் செடி கொடிகளைப் படரவிட்ட பதினெட்டு ராட்சத மரங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றில் உயரமானது ஐம்பது மீட்டர். கண்ணாடி மாளிகைக்குள் முப்பத்தைந்து மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி விழுகிறது. நாங்கள் வாயைப் பிளந்தோம். அவரும் வாயைப் பிளந்தார். ஆனால் அது கொட்டாவி. அவரைப் பரவசப்படுத்தியது எது தெரியுமா? லிப்ட்! இரண்டு கதவுகள் தாமே விலகுவதும், உள்ளே புது முகங்கள் தோன்றுவதும், மறுபடி கதவு மூடிக் கொள்வதும் அவருக்கு நாடகக் கொட்டகையாக இருந்தது.

லிப்டைப் பற்றி நாங்களும் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். 1987-ல் ஓடத் தொடங்கிய எம்.ஆர்.டி. ரயிலின் நிலையம் ஒவ்வொன்றிலும் லிப்ட் உண்டு. தள்ளுவண்டியை ஓரிடத்திலும் தலைமேல் தூக்க வேண்டியதில்லை. 2017 முதல் பஸ்ஸிலும் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம். பெரிய கடைவீதிகளில் தாய்மார் பாலூட்டுவதற்கென்று தனி அறை இருக்கிறது. ஒரு நகரத்தின் நாகரிகத்தை அதன் கோபுரங்களைக் கொண்டு அளப்பது வழக்கம். கையில் குழந்தையோடு ஒரு நாள் நடந்து பார்த்தால், நடைபாதைப் படிக்கட்டுகளைக் கொண்டு அளக்கத் தோன்றும்.

ஆனால் எல்லா இடமும் சமதளம் என்று எண்ண வேண்டாம். சிராங்கூன் சாலைப் பக்கத்தில் பழைய கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்குகிறது. நடுவில் பூக்கூடையும் காய்கறிப் பெட்டியும் வழியை அடைக்கின்றன. அங்கே தள்ளுவண்டி உதவாது; நம் பழைய இடுப்புத்தான் உதவும். தேக்கா உணவங்காடி நிலையத்தில் நாங்கள் இட்டிலியும் தட்டுமாகத் திண்டாடியபோது, எதிரே இருந்த சீனத்துப் பாட்டி ஒருவர் உரிமையோடு கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக் கொண்டார். அவர் சீன மொழியில் ஏதோ கேட்டார். தாயார், "எட்டு மாதம் ஆகிறது, பாட்டி" என்று தமிழில் பதில் சொன்னார். கேள்வி அதுதானா என்று யாருக்குத் தெரியும்? பாட்டி பலமாகத் தலையை ஆட்டினார். சம்பாஷணை பத்து நிமிஷம் தங்கு தடையின்றி நடந்தது.

ஒரு ராத்திரி

மூன்றாம் நாள் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-ல் தோன்றிய மாரியம்மன் கோயிலைத் தரிசித்துத் திரும்பினோம். அன்றிரவு குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை, அதுதான் எங்களை மிகவும் கலக்கியது. வீட்டில் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் அந்த அறைக்குள் வந்து நின்றன. வாடகைக் கார் பிடித்து இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு வைத்தியசாலைக்கு ஓடினோம். வைத்தியர் மார்பையும் காதையும் தொண்டையையும் நிதானமாகப் பார்த்தார். "சாதாரண ஜலதோஷ ஜுரம். மருந்து கொடுங்கள்; பால் அடிக்கடி கொடுங்கள்; நாளைக்கு எங்கும் போகாதீர்கள்" என்றார். பில்லைப் பார்த்ததும் தகப்பனாருக்கு ஜுரம் வரும் போலிருந்தது. நல்ல வேளையாகப் பிரயாண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தோம். குழந்தையோடு அந்நிய நாடு போகிறவர்கள் பால் புட்டியை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

விடிகிற சமயம் ஜுரம் தணிந்தது. குழந்தை கண்ணைத் திறந்து, அறையின் விளக்கைப் பார்த்துச் சிரித்தது. "ஊரிலே இருந்தால் ஜுரம் வராதா?" என்றார் தாயார். இரவு முழுவதும் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். மறுநாள் பார்க்க வேண்டியதாகக் குறித்திருந்த நாலு இடங்களையும் அடித்துவிட்டு, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

ரப்பர் மரமும் தூளியும்

ஐந்தாம் நாள் காலை, நன்றாகத் தேறிவிட்ட குழந்தையுடன் தாவரவியல் தோட்டத்துக்குப் போனோம். 1859-ல் அமைத்த இந்தத் தோட்டத்தை 2015-ல் உலகப் பாரம்பரிய ஸ்தலமாக அங்கீகரித்தார்கள். ஒரு மரத்தடியில் துப்பட்டியை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, அவசரம் இல்லாத காரணத்தால், அந்த இடத்தின் கதையைப் படித்தோம்.

1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-ல் இந்தத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பார்த்தவர்களிடமெல்லாம் ரப்பர் பயிரிடச் சொன்னதால் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். பிறகு மலேயா தேசமே ரப்பர்க் காடாயிற்று. அந்தக் காட்டில் பால் வெட்டப் போனவர்கள் யார்? பெரும்பாலும் நம் தமிழ்ச் சகோதர சகோதரிகள். கங்காணி அழைத்த பேச்சை நம்பிச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறியவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல்களின் திறந்த தளத்தில், உப்புக் காற்றிலே, தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு பிரயாணம் செய்தார்கள். தோட்டத்தில் விடியுமுன் வேலைக்குப் போகும்போது குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். அங்கே பழைய புடவைத் தூளிகள் வரிசையாகத் தொங்கின.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. கைக்குழந்தையோடு கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. அந்த ஏழைத் தாய்மார்கள் கப்பல் ஏறியபோது, "சிசுவைத் தூக்கிக் கொண்டு எப்படிப் போவாய்?" என்று எந்தச் சமூகமும் குறுக்கே நிற்கவில்லை. உழைப்புக்காகக் குழந்தையைச் சுமந்தால் ஆட்சேபம் இல்லை. சந்தோஷத்துக்காகச் சுமந்தால் மட்டும் ஆயிரம் ஆட்சேபம்!

கடைசி நாள் பாடாங் மைதானத்தின் பக்கம் போனோம். 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்ட இடம் அது. அருகே அவர் 1945-ல் அஸ்திவாரம் இட்ட வீரர் நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் அதே வருஷம் தகர்த்தார்கள். அது நின்ற இடத்தில் 1995-ல் ஓர் அடையாளப் பலகை வைத்திருக்கிறார்கள். ஜான்ஸி ராணி படைக்குத் தலைமை தாங்கிய லக்ஷ்மியை அங்கே நினைத்துக் கொண்டோம். சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து, பிரசவ வைத்தியத்திலும் தேர்ந்து, 1940-ல் சிங்கப்பூருக்கு வந்த அவர், படைத் தலைவி ஆகுமுன் அங்கே ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவருடைய படையில் சேர்ந்த பெண்களில் பலர் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். ஒரு காலத்தில் அந்தத் தூளிகளில் ஆடிய குழந்தைகளும் அவர்களுள் இருந்திருப்பார்கள் அல்லவா? இவ்வளவையும் நாங்கள் யோசித்துக் கொண்டிருந்தபோது சின்ன யாத்திரிகர் தள்ளுவண்டியில் சுகமாகத் தூங்கிக் கொண்டிருந்தார். அவர் தூங்கியதால்தான் யோசிக்கவும் முடிந்தது.

நேயர்கள் எங்களைக் கேட்கலாம்: "குழந்தைக்கு இதில் ஒன்றாவது நினைவிருக்குமா?" இராது. மெர்லயனும் இராது, மைனாவும் இராது, அந்தச் சீனத்துப் பாட்டியும் இரார். ஆனால் நாம் குழந்தைக்குப் பாடும் தாலாட்டும் அதற்கு நினைவிருப்பதில்லை. அதனால் பாடாமல் இருக்கிறோமா? ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம், நடுப்பகலில் ஓய்வு, பையில் மருந்து, மனத்தில் கொஞ்சம் பொறுமை, இவை இருந்தால் கைக்குழந்தை யாத்திரைக்குத் தடையில்லை. உங்கள் வீட்டிலும் தொட்டிலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே ஒரு தாயார் நடந்து கொண்டிருந்தால், குழந்தை வளரட்டும் என்று காத்திராதீர்கள். முதலில் அந்த அம்மாளைக் கேளுங்கள்: எந்த ஊர் பார்க்க வேண்டும் என்று.