மூன்றாம் நாள் இரவு

வார்டுக்குப் புதிதாக வரும் தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது: கால் எலும்பு முறிந்து வந்தவரானாலும், அட்மிஷன் போடும்போதே "குடிப்பழக்கம் உண்டா, கடைசியாக எப்போது குடித்தீர்கள்" என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். மனைவியோ மகளோ பக்கத்தில் நின்றால் உண்மை வராது. மருந்துச் சீட்டைக் கொடுத்து அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

தினமும் நிறையக் குடிப்பவருக்கு அது திடீரென்று நின்றால் முதலில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஸ்டாண்டைத் தூக்குவார். பகலெல்லாம் "சிஸ்டர், சிஸ்டர்" என்று மரியாதையாகப் பேசியவர்தான். அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு நாம் தெரிவதில்லை, தன்னைக் கொல்ல வரும் யாரோ தெரிகிறார்கள். முதல் நாளே தெரிந்திருந்தால் டாக்டர் லோராசெபாமோ டயசெபாமோ, கூடவே தயமினும் எழுதியிருப்பார். பெரும்பாலும் அந்த இரவே வந்திருக்காது. கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு நைட் டியூட்டி நர்ஸ் அடி வாங்குகிறார்.

*

திமிறுகிறவரை "போதை கேஸ்" என்று ஒதுக்குமுன் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். ஆக்சிஜன் அளவு, தலையில் அடி, காய்ச்சல். சர்க்கரை இறங்கியவர் கெட்ட வார்த்தை பேசுவார், கையை ஓங்குவார். டெக்ஸ்ட்ரோஸ் ஏறிய சில நிமிடத்தில் தெளிந்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்பார். வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்தாலும் சிறுநீர்த் தொற்று வந்தாலும் புத்தி தடுமாறும்.

*

வேலூர் சி.எம்.சி.யில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வன்முறையான, கொந்தளிப்பான நிலையில் வந்த 200 மனநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு லோராசெபாம் ஊசி, மற்றவர்களுக்கு ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்த்து. இரண்டுமே அடக்கின, சேர்த்துப் போட்டது சீக்கிரம் அடக்கியது. விலை குறைந்த, பழைய மருந்துகள். நம் ஊரில், நம் நோயாளிகளிடம் தெரிந்துகொண்டது என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் ஊசி போட்டதும் எல்லோரும் கலைந்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் மூச்சையும் பிரஷரையும் விடாமல் பார்க்க வேண்டும்.

*

கட்டிப்போடுவது பற்றி. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகம்: தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியை முழுவதுமாகத் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் போதவில்லை என்பதற்காகவும் கட்டக் கூடாது. அது மனநல நிலையங்களுக்கான விதி என்று எலும்பு வார்டில் தள்ளிவிடாதீர்கள். இரவில் பேண்டேஜ் துணியால் கட்டப்படும் கைகள் பெரும்பாலும் ஆள் போதாததால்தான் கட்டப்படுகின்றன.

*

தூத்துக்குடி, 2012 ஜனவரி: மனைவியை இழந்த கணவன் மயக்க மருத்துவரை அவருடைய கிளினிக்கிலேயே வெட்டிக் கொன்றான். கொட்டாரக்கரை, 2023 மே: காயத்துக்குக் கட்டுப்போடப் போலீஸ் அழைத்து வந்த ஆள் 23 வயது ஹவுஸ் சர்ஜனைக் கத்தரிக்கோலால் குத்திக் கொன்றான். கிண்டி, 2024 நவம்பர்: புற்றுநோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தினான். மூன்றும் மூன்று விதம். கிண்டிக்குப் பிறகு மெட்டல் டிடெக்டர் பற்றியே பேசினோம். கொட்டாரக்கரையில் ஆயுதம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. டிரெஸ்ஸிங் டிரேயை நோயாளியின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதற்குப் பணம் தேவையில்லை.

*

அட்டெண்டர்களின் கோபம் பெரும்பாலும் காத்திருப்பில்தான் ஏறுகிறது. "டாக்டர் வருவார்" என்பதைப் போல் ஆபத்தான பதில் இல்லை. "ஸ்கேன் பார்த்துக்கிட்டிருக்காங்க, அரை மணி நேரத்துல நானே வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். அரை மணியில் போயும் சொல்லுங்கள், சொல்ல ஒன்றுமில்லை என்றாலும். நிலைமை மோசம் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் இறப்பை மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தச் செய்தியை வராண்டாவில் வைத்துப் பயிற்சி டாக்டர் சொல்லக் கூடாது. சீனியர் ஒருவர், கூட ஒரு நர்ஸ், ஒரு அறை, உட்கார நாற்காலி. கதவு நம் பக்கம் இருக்கட்டும்.

கத்துகிறவரிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள். "ஐயா", "அண்ணே" என்று தணிந்த குரலில். "கத்தாதீங்க" என்றால் இன்னும் கத்துவார். கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

*

மருத்துவமனை ஊழியரைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. டாக்டருக்கு மட்டுமில்லை, நர்ஸுக்கும் நர்ஸிங் மாணவிக்கும் சேர்த்துத்தான். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை, ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். போட வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் "பேசி முடிச்சுக்கலாம்மா" என்ற குரல்தான் முதலில் வருகிறது.

என் கணக்கு இது. குழப்பத்தில் ஓங்கிய நோயாளி மேல் புகார் வேண்டாம், மருந்து வேண்டும். புத்தி தெளிவோடு கன்னத்தில் அறைந்தவரை விடக் கூடாது, எந்தக் கட்சிக்காரர் போன் செய்தாலும். அந்தப் புகார் மருத்துவமனையின் பெயரில் போகட்டும். அடிபட்ட பெண் தனியாக ஸ்டேஷனில் உட்கார வேண்டியதில்லை.

கெட்ட வார்த்தை, தள்ளுமுள்ளு, எச்சில் துப்பியது, எல்லாவற்றையும் தேதி, நேரம், அந்த வேளையில் வார்டில் எத்தனை நர்ஸ் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரவுக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டு எழுதும் கடிதத்தோடு அந்தப் பக்கங்களின் நகலை இணைத்து அனுப்புங்கள்.